திருவிழாக் கடையில் மிட்டாய்தானா வாங்கவேண்டும்?

திருவண்ணாமலையில் கார்த்திகை தீபத் திருவிழா என்றால் கூட்டத்துக்குக் கேட்கவேண்டுமா? கொடியேற்றிய நாளில் இருந்தே ஜனங்கள் வந்து குவிகிறார்கள். பத்தாம் நாள் மாலை 6 மணிக்கு, 2,668 அடி உயரமுள்ள மலையின் உச்சியில் மகாதீபம் ஏற்றப்படுகிறது. "அண்ணாமலையாருக்கு அரோகரா!" என்ற குரல் விண்ணை முட்டுகிறது.

அந்தக் குரல் அடங்கியதும் இன்னொரு குரல் கிளம்புகிறது.

"அம்மா, மிட்டாய்!"

மாட வீதிகளில் கடை. 14 கிலோமீட்டர் நீளமுள்ள கிரிவலப் பாதையிலும் கடை. கண்ணாடி ஜாடிகளில் சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாக மிட்டாய்கள் கண்ணைப் பறிக்கின்றன. பிள்ளை, தாயின் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுக்கிறது. பஸ்ஸுக்கு எடுத்து வைத்தது போக அவளுடைய முந்தானை முடிச்சில் இருப்பது இருபது ரூபாய்.

அதை என்ன செய்வது?

"நல்ல நாளும் அதுவுமாகப் பிள்ளை அழலாமா?" என்று பெரும்பாலோர் மிட்டாயை வாங்கிக் கொடுத்துவிடுகிறார்கள். வீதி முனை திரும்புவதற்குள் அது கரைந்துவிடுகிறது. பிறகு அதே பிள்ளை, அதே குரல். "இன்னொண்ணு!"

அந்த இருபது ரூபாய்க்கு மிட்டாய் வேண்டாம். ஒரு விளையாட்டுச் சாமான் வாங்கிக் கொடுப்பதே நல்லது. ஒரு பம்பரம் வாங்கலாம். ஓர் ஓலைக் காற்றாடி வாங்கலாம். மிட்டாய் ஐந்து நிமிஷம் இருக்கும். பம்பரம் பொங்கல் வரைக்கும் சுற்றும். ஆணி தேய்ந்துபோனால் வேறு ஆணி அடித்துக்கொள்ளலாம்.

ரோஸ் நிறம் எங்கிருந்து வந்தது?

இனிப்பு கூடாது என்று சொன்னால் சிலருக்குக் கோபம் வருகிறது. "நாங்கள் எல்லாம் பஞ்சு மிட்டாய் தின்று வளரவில்லையா?" என்று கேட்கிறார்கள்.

2024 பிப்ரவரியில் நடந்ததை அவர்கள் மறந்திருக்கலாம். முதலில் புதுச்சேரியில் பஞ்சு மிட்டாயைச் சோதித்தார்கள். அடுத்துச் சென்னையில் வாங்கிய பஞ்சு மிட்டாய், கிண்டியில் உள்ள அரசாங்கச் சோதனைக் கூடத்துக்குப் போனது. இரண்டு இடத்திலும் அகப்பட்டது ஒரே சரக்கு. அதன் பெயர் ரோடமின்-பி.

அது சாப்பிடுகிற பொருளே அல்ல. துணிக்கும் காகிதத்துக்கும் சாயம் ஏற்றப் பயன்படும் சரக்கு! தொடர்ந்து வயிற்றுக்குள் போனால் புற்றுநோய் வரக்கூடும் என்று அதிகாரிகள் எச்சரித்தார்கள். புதுச்சேரி அரசு தடை விதித்தது. அதே மாதம் தமிழ்நாடு அரசும் தடை விதித்தது.

எல்லா மிட்டாயிலும் சாயச் சரக்கு இருக்கிறது என்று சொல்வது அநியாயம். ஒழுங்காகத் தொழில் செய்து பிழைக்கும் வியாபாரிகள் எத்தனையோ பேர். ஆனால், எது நல்ல நிறம், எது துணிச் சாயம் என்று ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் ஒரு தாய் எப்படிக் கண்டுபிடிப்பாள்? நாக்கு சிவந்துபோன பிறகு தெரிந்து என்ன லாபம்?

பல்லில் பூச்சி இல்லை

சாயம் இல்லாத நல்ல மிட்டாயாகவே இருக்கட்டும். பல் என்ன ஆகிறது?

பல்லில் பூச்சி விழுந்துவிட்டது என்று கிராமங்களில் சொல்வார்கள். உண்மையில் பூச்சி, புழு எதுவும் இல்லை. எல்லோருடைய வாயிலும் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் உண்டு. சர்க்கரைதான் அவற்றுக்குத் தீனி. தின்ற சர்க்கரையை அவை புளிப்புத் திரவமாக, அதாவது அமிலமாக மாற்றுகின்றன. அந்த அமிலம் பல்லின் மேல் பூச்சை அரிக்கிறது. அரித்த இடம் குழியாகிறது. அதுதான் சொத்தை.

இதில் கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. எவ்வளவு சர்க்கரை என்பது மட்டும் கணக்கு அல்ல. எத்தனை தடவை, எவ்வளவு நேரம் என்பதும் கணக்கு. ஜவ்வு மிட்டாய் பல் இடுக்கில் ஒட்டிக்கொண்டு மணிக்கணக்கில் கிடக்கும். பையில் பத்து மிட்டாயை வைத்துக்கொண்டு நாள் முழுதும் ஒவ்வொன்றாகச் சப்பும் பிள்ளையின் பல் நாள் முழுதும் அரிக்கப்படுகிறது.

உலக சுகாதார நிறுவனம் 2015-ல் ஓர் அளவு சொன்னது. ஒருவர் உணவில் பெறும் சக்தியில், சேர்த்துக்கொள்ளும் சர்க்கரையின் பங்கு நூற்றுக்குப் பத்துக்கும் குறைவாக இருக்கவேண்டும். ஐந்துக்குள் அடங்கினால் இன்னும் நல்லது. ஐந்து என்பது வளர்ந்த மனிதருக்கு நாளொன்றுக்கு சுமார் 25 கிராம். அதாவது ஆறு டீ ஸ்பூன். காபி, டீ, ஜூஸ் எல்லாம் அந்த ஆறுக்குள் அடக்கம். சின்னப் பிள்ளைக்கு அதைவிடக் குறைவு.

"அப்படியானால் கார்த்திகைப் பொரி உருண்டை? அதுவும் இனிப்புதானே?" என்று பாட்டிமார்கள் மடக்கலாம். சரியான கேள்வி. இனிப்புதான். வெல்லம் ஆயிற்றே என்று கிருமி விட்டுவிடாது. ஆனால் பொரி உருண்டை வருஷத்துக்கு ஒரு முறை வீட்டில் பிடிப்பது. பாகு காய்ச்சியது யார், என்ன போட்டார் என்பது தெரியும். தின்றுவிட்டு வாய் கொப்பளிக்கலாம். அதைப் பிடுங்கி வைக்கச் சொல்லி இங்கே யாரும் வரவில்லை. பௌர்ணமிதோறும் கிரிவலம், கிரிவலந்தோறும் மிட்டாய் என்று பழக்குவதுதான் ஆபத்து.

பிள்ளை அழாதா?

அழும் என்றுதான் பெற்றோர்கள் பயப்படுகிறார்கள். அந்தப் பயம் பாதிக்குப் பாதி வீண்.

அமெரிக்காவில் அக்டோபர் 31-ந் தேதி இரவு பிள்ளைகள் வேஷம் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போய் மிட்டாய் வாங்குவது வழக்கம். அங்கே கனெக்டிகட் மாநிலத்தில் சில வீடுகளில் ஒரு சோதனை நடந்தது. வாசலுக்கு வந்த பிள்ளைகளிடம் இரண்டு தட்டுகளை நீட்டினார்கள். ஒன்றில் மிட்டாய். மற்றதில் மலிவான சிறு பொம்மைகள். "உனக்குப் பிடித்ததை எடுத்துக்கொள்!" என்றார்கள். 3 வயது முதல் 14 வயது வரை 284 பிள்ளைகள். முடிவு 2003-ல் வெளியானது. சுமார் பாதிப் பேர் பொம்மையை எடுத்திருந்தார்கள்!

மிட்டாய்க்கென்றே ஏற்பட்ட ராத்திரியில், மிட்டாய் கண் முன்னால் இருக்கும்போதே இப்படி. பிள்ளைக்கு வேண்டியது கையில் ஏதோ ஒன்று. தனக்கென்று ஒன்று. ஊருக்குப் போய்ப் பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் காட்ட ஒன்று. மிட்டாயைக் காட்ட முடியாது, அதுதான் தீர்ந்துபோயிற்றே!

தேர்ந்தெடுக்கும் உரிமையை மட்டும் பிள்ளைக்குக் கொடுத்துவிடவேண்டும். "இந்தா" என்று ஒரு பொம்மையைக் கையில் திணித்தால் அழத்தான் செய்யும். "பம்பரமா, காற்றாடியா? நீயே சொல்லு கண்ணு!" என்று கேட்டால் மிட்டாய் மறந்துபோகும்.

முட்டைக்குள் என்ன?

இது அண்ணாமலையார் திருவிழாவுக்கு மட்டும் உரிய சங்கதி அல்ல. திருவண்ணாமலையில் கிறிஸ்தவக் குடும்பங்களும் இருக்கின்றன. ஆற்காடு லுத்தரன் திருச்சபைக்கு இந்த வட்டாரத்தில் சபைகள் உண்டு. அவர்களுக்கு ஈஸ்டர் வந்தால் இதே தலைவலி. அங்கே மிட்டாய் முட்டைக்குள் ஒளிந்துகொண்டு வருகிறது!

மேல்நாடுகளில் ஈஸ்டர் அன்று தோட்டத்தில் முட்டைகளை ஒளித்து வைத்துப் பிள்ளைகளைத் தேடச் சொல்வார்கள். இரண்டாகத் திறக்கும் பிளாஸ்டிக் முட்டை. உள்ளே மிட்டாய், சாக்லேட். அந்த வழக்கம் இங்கேயும் மெல்ல எட்டிப் பார்க்கிறது.

வேடிக்கை என்னவென்றால், ஆதியில் ஈஸ்டர் முட்டைக்குள் மிட்டாயே கிடையாது. ஈஸ்டருக்கு முந்தின 40 நாள் நோன்பில் முட்டை சாப்பிடமாட்டார்கள். அதற்காகக் கோழி முட்டையிடுவதை நிறுத்துமா? சேர்ந்துபோன முட்டைகளை வேகவைத்து, வண்ணம் பூசி, ஈஸ்டர் அன்று பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். சாக்லேட் முட்டை பிற்பாடு வந்தது. இங்கிலாந்தில் ஃப்ரை கம்பெனி 1873-லும் காட்பரி கம்பெனி 1875-லும் அதைச் செய்து விற்றன. ஆகவே, மிட்டாய் இல்லாத முட்டை ஏதோ புது நாகரிகம் என்று நினைக்கவேண்டாம். அதுதான் பழசு.

அமெரிக்க ஜனாதிபதியின் மாளிகைத் தோட்டத்தில் பிள்ளைகள் முட்டை உருட்டும் விழா 1878-ல் தொடங்கியது. அங்கே 1981-ல் இருந்து பிள்ளைகளுக்கு ஞாபகார்த்தமாக மர முட்டை தருகிறார்கள். மெக்ஸிகோவில் இன்னும் வேடிக்கை. காலி முட்டை ஓட்டுக்குள் வண்ணக் காகிதத் துணுக்குகளை நிரப்பி, ஒருவர் தலையில் ஒருவர் தட்டி உடைப்பார்கள். அடிபட்டவருக்கு அதிர்ஷ்டமாம்!

திருவண்ணாமலையில் டேனிஷ் மிஷன் பள்ளிக்கூடத்தைத் தெரியாதவர்கள் இருக்கமாட்டார்கள். டேனிஷ் என்றால் டென்மார்க் நாட்டைச் சேர்ந்தது என்று அர்த்தம். அந்த டென்மார்க்கில் ஈஸ்டர் சமயத்தில் பிள்ளைகள் ஒரு குறும்பு செய்வார்கள். காகிதத்தை மடித்துக் கத்தரித்து, கோலம் போலப் பூவேலை செய்து, அதில் இரண்டு வரி எழுதி அனுப்புவார்கள். கையெழுத்து இருக்காது. பெயரில் எத்தனை எழுத்தோ அத்தனை புள்ளி மட்டும். அனுப்பியது யார் என்று கண்டுபிடிக்கவேண்டும். தோற்றுப்போனால் ஒரு முட்டை தரவேண்டும்! செலவு ஒரு தாள்.

இதைத் தமிழில் செய்ய யார் தடுத்தார்கள்? முட்டைக்குள் ஒரு சீட்டு மடித்து வைக்கலாம். ஒரு சீட்டில் ஒரு விடுகதை. இன்னொன்றில், "இன்று ராத்திரி பாட்டி கதை சொல்லுவாள்." மற்றொன்றில், "அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாத்தனூர் அணைக்குப் போகலாம்." எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகும் பிள்ளைக்கு இதைவிடப் பெரிய புதையல் ஏது? சமீபத்தில்தான் எழுதப் படிக்கக் கற்ற தாயாக இருந்தால் அவளே தன் கையால் எழுதலாம். எழுத்து கோணலாக இருந்தால் என்ன? அணைக்குப் போகச் சொன்ன சீட்டைப் பிள்ளை தொலைக்குமா?

பிளாஸ்டிக் முட்டையும் வேண்டியதில்லை. கோழி முட்டையின் அகன்ற பக்கத்தில் ஒரு காசு அளவு ஓட்டை போடவேண்டும். உள்ளே இருப்பதை ஆம்லெட் போட்டுவிடலாம். ஓட்டை நன்றாகக் கழுவி உலர்த்தி, சாமானைப் போட்டு, வண்ணக் காகிதம் ஒட்டினால் முடிந்தது. உடையும் என்று பயந்தால் சின்ன ஓலைக் கொட்டான் வாங்கிக்கொள்ளலாம்.

முழுப் பென்சில் முட்டைக்குள் நுழையாது. அழிரப்பரும் பென்சில் சீவியும் நுழையும். வெண்டை விதை நாலு, பூசணி விதை நாலு பொட்டலம் கட்டிப் போட்டால் இரண்டே வாரத்தில் பிள்ளை தன் செடியைத் தினம் பத்துத் தடவை எட்டிப் பார்க்கும். பல்லாங்குழிக்குப் புளியங்கொட்டை. தாயத்துக்குச் சோழி. அஞ்சாங்கல் ஆட ஐந்து கூழாங்கல். அதற்குக் காசே வேண்டாம். பெண் பிள்ளைக்கு ஒரு பாசிமணிச் சரம். கோவில் பக்கம் நரிக்குறவர் பெண்கள் தங்கள் கையாலேயே கோத்து விற்கிறார்கள். வாங்குகிறவர்கள் அவர்களிடம்தான் நாலணா எட்டணாக் கணக்காகப் பேரம் பேசுகிறார்கள்! பெரிய கடையில் வாயே திறப்பதில்லை.

ஒன்றே ஒன்று மட்டும் கூடாது. குன்றிமணி! சிவப்பில் கறுப்புப் பொட்டு வைத்து அழகாகத்தான் இருக்கும். ஆனால் கடித்து மென்றால் கொடிய விஷம். உயிருக்கே ஆபத்து. பல்லாங்குழிக்கு அதை வைத்து ஆடுகிற வீடுகளில் சின்னக் குழந்தை இருந்தால் இன்றைக்கே எடுத்துவிடவேண்டும்.

வாயில் போனால்?

மிட்டாய்க்குப் பதில் சாமான் என்றதும் எதையாவது வாங்கிவிடக்கூடாது. மூன்று வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தை கண்டதை எல்லாம் வாயில் போடும். கோலிக் குண்டு, சோழி, பாசிமணி, புளியங்கொட்டை எதுவும் அதன் கைக்குப் போகக்கூடாது. வாய்க்குள் முழுசாக நுழையாத பெரிய சாமானாகப் பார்த்துக் கொடுக்கவேண்டும். உள்ளே இருக்கும் மணி உதிராத கிலுகிலுப்பை நல்லது. பலூன் வெடித்தால் துண்டுகளை உடனே பொறுக்கிவிடவேண்டும். அந்த ரப்பர்த் துண்டு தொண்டையில் ஒட்டினால் மூச்சு நின்றுவிடும்.

இப்போது விளக்கு எரியும் பொம்மை, பாட்டுப் பாடும் பொம்மை எல்லாம் மலிவாக வருகின்றன. அவற்றில் சட்டைப் பொத்தான் மாதிரி ஒரு பாட்டரி இருக்கிறது. மூடி எளிதில் திறந்துகொண்டால் அந்தப் பொம்மை வேண்டவே வேண்டாம். குழந்தை அதை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக் குழாய் வெந்துபோகலாம். வாழைப்பழம் கொடுத்துப் பார்ப்போம், நாளைக்கு வெளியே வந்துவிடும் என்று காத்திருக்காமல், அந்தக் கணமே ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும்.

2021 ஜனவரி 1-ந் தேதி முதல் இந்தியாவில் விற்கும் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம் ஆக்கப்பட்டது. பதிவு செய்துகொண்ட கைத்தொழில் கலைஞர்கள் செய்யும் பொம்மைக்கு விலக்கு உண்டு. ஆகையால் பெட்டியில் அடைத்து வரும் பிளாஸ்டிக் பொம்மையை வாங்கினால் முத்திரையைப் பார்த்து வாங்கலாம்.

பிளாஸ்டிக் பொம்மையிலும் ஒரு மோசம் இருக்கிறது. பத்து ரூபாய் கார் பஸ் ஏறுவதற்குள் சக்கரம் கழன்றுவிடுகிறது. அழுகைக்கு அழுகை, குப்பைக்குக் குப்பை. மறுநாள் காலையில் கிரிவலப் பாதையைப் பெருக்குகிறவர்களைக் கேட்டால் கதை கதையாகச் சொல்லுவார்கள். ஊதல் வாங்குகிறவர்கள் அண்டை வீட்டாரையும் கொஞ்சம் நினைத்துக்கொள்வது புண்ணியம்.

பனை இருக்கக் கவலை ஏன்?

திருவண்ணாமலை, விழுப்புரம் பக்கத்துக் கிராமங்களில் கார்த்திகைக்கு மாவளி சுற்றுவார்கள். ஆண் பனையின் பூக்கதிரை உலர்த்தி, குழியில் போட்டு மூட்டம் இட்டுக் கரியாக்குவார்கள். அதை இடித்துத் தூளாக்கித் துணியில் சுருட்டிக் கட்டி, பிளந்த பனை மட்டைக்கு நடுவில் வைத்து இறுக்குவார்கள். கயிறு கட்டி, நெருப்பு வைத்துச் சுழற்றினால் தங்கப் பூ கொட்டுவது போலத் தீப்பொறி வட்டமாகப் பறக்கும். பட்டாசுக் கடைக்காரருக்கு ஒரு காசு கொடுக்கவேண்டாம். பெரியவர்கள் பக்கத்தில் நிற்கவேண்டும். நைலான் சட்டை கூடாது. வைக்கோல் போர் பக்கம் போகக்கூடாது. கொஞ்சம் பெரிய பையன்களுக்குத்தான் இது.

சின்னவர்களுக்கு ஓலைக் காற்றாடி. இரண்டு ஓலைத் துண்டு, ஒரு முள், ஒரு குச்சி. எதிர்காற்றில் ஓடினால் சுற்றும். திருவிழாவில் கிழவர் ஒருவர் அதைக் குத்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் தாண்டிப் போய்விடவேண்டாம். அவர் கையில் இருக்கும் தொழில், வாங்க ஆள் இருக்கும் வரைதான் இருக்கும்.

ஈஸ்டர் வருவது மார்ச் 22-க்கும் ஏப்ரல் 25-க்கும் நடுவில். அந்தச் சமயத்தில் நுங்கும் இறங்க ஆரம்பித்துவிடும். நுங்கைத் தின்றபின் எறிந்துவிடும் காய்களில் இரண்டை எடுத்து, நடுவில் ஒரு குச்சியைச் செருகினால் இரண்டு சக்கரம் ஆயிற்று. கவட்டை உள்ள நீளக் கழி ஒன்றை அந்தக் குச்சியில் வைத்துத் தள்ளினால் நுங்கு வண்டி தெருக்கோடி வரை ஓடும். பாட்டரி வேண்டாம், முத்திரை வேண்டாம். காய் வாடிச் சுருங்க இரண்டு மூன்று நாள் ஆகும். அதற்கப்புறம் மாட்டுக்குப் போட்டால் மாடு தின்னும்.